இணையப் பாதுகாப்பு வாரத்துப் பேனர்

வலது கை மவுஸை அரிசி அளவு அரிசி அளவாக நகர்த்தியது. திரையில் ஒரு சிறுமியின் காது. காதைச் சுற்றிப் புள்ளி வைத்து, ரிப்பனைச் சுற்றி வைத்து, நெற்றியில் சிலும்பி நின்ற முடியையும் விடாமல் வளைத்த பிறகு, பின்னாலிருந்த சுவரை இடது கை ஒரே தட்டில் அழித்தது. வெட்டிய முகம் நீல வானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த படத்தைத் திறந்ததும் கைகள் நின்றுவிட்டன. அது சாரதாமணியின் மகள் தனப்பிரியா.

புதுச்சத்திரத்தில் பேனர் என்றால் சாரதாமணிதான். கல்யாணத்துக்கு முன்னால், சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளையில் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் பூப் போட்டவள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் விரலைப் பார்த்தே பழகினாள். ஒரு புள்ளி பிசகினால் சேலை முழுக்கப் பிசகும் என்கிற பயம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. அவள் வெட்டிய முகத்தில் காது குறையாது.

நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளை நெடுஞ்சாலையோரப் பேனரில் நிறுத்துவது இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் வழக்கம். படம், பெயர், ஊர், கீழே பெற்றோரின் போன் நம்பர். மார்க்கில் சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாமாம்.

போன வருஷம் அப்படி நின்றவள் நித்யஸ்ரீ. யாரோ பேனரைப் படம் பிடித்து, முகத்தை மட்டும் எடுத்து, அவள் பெயரிலேயே இணையத்தில் கணக்குத் திறந்து, வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுதினான். அந்தப் பிள்ளையிடம் போனே கிடையாது. ஆனாலும், பொட்டப்பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஊர் பேசியது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த முகத்தை அவ்வளவு துல்லியமாக வெட்டிக் கொடுத்தது எந்தக் கை என்று சாரதாமணியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இப்போது அதே பள்ளியில் இணையப் பாதுகாப்பு வாரம். முகம், பெயர், ஊர், நம்பர் இவற்றை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்காதே என்று வகுப்பெடுத்து, வாசகப் போட்டியும் வைத்தார்கள். ஜெயித்த பிள்ளைகளைப் பேனரில் போடச் சொல்லித் தாளாளர் பெரியசாமி எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார். முகம், பெயர், ஊர், நம்பர்.

முதல் பரிசு தனப்பிரியாவுக்கு. ‘உன் முகம் உன் சொத்து, ஊருக்குப் பட்டா போடாதே’ என்று எழுதியிருந்தாள். நித்யஸ்ரீயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தன் படம் வேண்டாம் என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறாள். கூச்சப்படுகிறாள் என்று டீச்சர் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

“நீதான அம்மா பேனர் அடிக்கறே. என்னையப் போட்டீன்னா நான் அந்தப் பள்ளிக்கொடத்துக்கே போகமாட்டேன்.”

சாரதாமணி மகளின் படத்தை வெட்டாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தாளாளரைப் பார்க்கப் போனாள். வாசகத்தை மட்டும் பெரிதாகப் போடலாம், படமும் நம்பரும் வேண்டாமே என்றாள். அவர் கோபப்படவில்லை.

“ஏம்மிணி, கத்திரிக்கா விக்கறவன் கூடைய மூடி வெச்சுட்டா விப்பான்? புள்ளைங்க மொகம் இருந்தாத்தான் நாலு பேரு நின்னு படிப்பாங்க.”

நித்யஸ்ரீயின் பெயரை எடுத்தாள். அது அந்தப் பிள்ளையின் சகவாசம், அதற்காகத்தானே இப்போது வகுப்பே எடுக்கிறோம் என்றார். அவள் எதிரிலேயே மற்ற பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். எல்லாருக்கும் சம்மதம். பரிசு வாங்கிய கௌசிக்கின் அப்பா, படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட முடியுமா என்று கேட்டார். போனை வைத்துவிட்டுத் தாளாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு ஒத்து வரலீன்னா சொல்லிப்போடு. நாமக்கல்லுல குடுத்து அடிச்சுக்கறேன். உன்ர புள்ளையும் அதுல இருக்கும்.”

சாரதாமணி குரலைத் தாழ்த்தினாள்.

“என்ர புள்ளைய மட்டும் உட்டுருங்க சார். பேரும் வேண்டாம். மத்ததெல்லாம் நீங்க சொன்னபடியே அடிச்சுத் தாரேன்.”

அவர் யோசித்தார். “செரி. அந்த எடத்துல என்ர படத்தப் போட்டுரு.”

திரும்பி வந்து மிச்ச முகங்களை வெட்டினாள். ஒரு முகத்தை மட்டும் லேசாக மங்கவைத்துப் பார்த்தாள். போனில் அனுப்பிய மாதிரியைப் பார்த்த தாளாளர், இந்தப் பிள்ளை தெளிவாக இல்லையே என்று திருப்பி அனுப்பினார். திருத்தினாள். அதன்பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை.

அச்சு மெஷினிலிருந்து பேனர் இறங்குவதைத் தனப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். தன் இடத்தில் தாளாளர் சிரித்தார். அவருக்கு அடியில் அவளுடைய வாசகம்.

“அப்ப கௌசிக்கு, மத்த புள்ளைங்க?”

“அவங்கவங்க ஊட்டுல சம்மதம் குடுத்திருக்காங்க கண்ணு.”

“நித்யா ஊட்டுலயுந்தான் குடுத்தாங்க.”

சாரதாமணி பேனரை மேசையில் விரித்தாள். ஓரத்தை மடித்து, கயிறு கோக்க வளையம் அடித்தாள். மை உரசாதபடி முகங்களை உள்பக்கமாக வைத்துச் சுருட்டினாள். பள்ளி வேன் ஓட்டும் சென்னிமலை வாசலில் வந்து நின்றார்.

“ரோட்டுல போறவங்களுக்கு நம்பர் நல்லாத் தெரியுமான்னு சார் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க.”

“தெரியுங்க” என்று சொல்லி, சுருளை அவர் கையில் கொடுத்தாள்.