ஊஞ்சல் சங்கிலி

பழுதென்று முறைப்பாடு செய்யப்பட்ட பொதுச்சொத்தை, அதிகாரி வந்து பார்வையிடும்வரை எவரும் அகற்றக்கூடாது. அரச சேவையில் இந்த ஒழுங்குவிதியை நானும் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இன்று காலை இரும்புப் படலையைத் திறந்தபோது உள்ளங்கையில் ஒட்டிய துரு மணம், அறுபதுகளில் வன்னியில் எங்கள் பட்டினத்துக் குளக்கட்டின் கீழிருந்த பூங்காவுக்கு என்னை இழுத்துப் போயிற்று.

சோளகக் காற்றில் அங்கே புழுதி பறக்கும். மாரியில் புல் முழங்கால்வரை வளர்ந்து தவளைகள் கத்தும். மாசிப் பனியில் ஊஞ்சல் சங்கிலி குளிர்ந்து, பிடித்த கையெல்லாம் துரு மணக்கும். மாலைதோறும் அப்பா மர வாங்கில் அமர்ந்து பத்திரிகை படிப்பார், தங்கை வதனி ஆடுவாள், சங்கிலி கிறீச்சிடும்.

ஒரு புரட்டாதியில் காவலாளி கந்தையா வந்து நின்றார்.

"ஐயா, ஊஞ்சல் வளையம் தேஞ்சு போச்சு. மழைக்கு முன்னம் கழட்டி வைக்கட்டோ?"

தலைமை எழுதுநரான அப்பா, அவருக்காக முறைப்பாட்டை அழகாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

"இனித் தொடாதையும். வாறவை பாக்கேக்கை அது அதிலை தொங்கவேணும். பதில் வரட்டும்."

"பிள்ளையள் ஆடுதுகள், ஐயா."

"சட்டம் எனக்குத் தெரியும், கந்தையா."

கார்த்திகையில் மழை விட்ட ஒரு மாலை, "அப்பா, இஞ்சை பாருங்கோ!" என்றாள் வதனி. அப்பா பத்திரிகையைத் தாழ்த்தியபோது பலகை ஒற்றைச் சங்கிலியில் சுழன்றுகொண்டிருந்தது. அவள் சீமெந்துக் கட்டின் விளிம்பில் தலை அடிபட்டுக் கிடந்தாள். கந்தையா எவரையும் கேட்காமல் மற்றச் சங்கிலியையும் கழற்றினார். அப்பா தடுக்கவில்லை.

ஊஞ்சலை அகற்ற அனுமதிக்கும் பதில், ஒரு வருடம் கழித்து, வதனியின் ஆட்டைத் திவசத்தன்று வந்தது.