வேப்பிலை கட்டிய வீடு

சேவை செய்ய வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல் வரும். பத்து நாள் இருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளை மறுபடி வாய்ப்பாட்டில் உட்காரவைக்க எனக்கு ஒரு மாதம் ஆகும். ஆர்.எஸ்.மங்கலத்துக்குத் தெற்கே, ஒரே வாத்தியார் உள்ள கூரைப் பள்ளிக்கூடம். அந்த வாத்தியார் நான்தான்.

சேதுலட்சுமியம்மாள் பரமக்குடியில் உள்ள ஒரு சேவா சங்கத்திலிருந்து வருஷா வருஷம் ஐப்பசியில் வருவார். தறிக்காரர் வீட்டுப் பெண், நாற்பதைத் தாண்டிய கைம்பெண், முழங்கால் வலிக்காரர். காலையில் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒத்தாசை. வெயில் தாழ்ந்ததும் வீடு வீடாகப் போய், பிள்ளையைப் படிக்க அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவது. ஒரு பிள்ளை வந்தால் இரண்டு நின்றுவிடும். அவர் சலித்து நான் பார்த்ததே இல்லை என்று எழுத ஆசைதான். சலிப்பார். காலை நீட்டி உட்கார்ந்து, "போதும் சார், ஏலலை" என்பார். மறுநாளும் கிளம்புவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் கழுத்தில் கத்தி வந்தது. இருபது பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம். பத்து நாளில் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். என்னிடம் இருந்தது பத்தொன்பது. அடுத்த பள்ளிக்கூடம் நாலு மைல். அவ்வளவு தூரம் ஒன்றுகூடப் போகாது.

இருபதாவதாக வரக்கூடியவள் முத்தழகு ஒருத்திதான். ஒன்பது வயது. தாய் ராக்கு களையெடுக்கப் போனால் கைப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க அவள் வேண்டும். அதனால் சேதுலட்சுமியம்மாள் கண்மாய்க் கரையில் வருவது தெரிந்ததுமே ராக்கு வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். அம்மை கண்ட வீடு என்று அதற்கு அர்த்தம். வெளியாள் படி ஏறக்கூடாது.

"அம்மையாவது ஒண்ணாவது. உங்களை விரட்டக் கட்டுனது அது" என்றேன்.

"அம்மன் விஷயத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாக சார்."

தினமும் ஓர் இளநீரை வாசலில் வைத்து, "தாயி, பிள்ளைக்குக் குடு" என்று எட்ட நின்று சொல்லிவிட்டு வருவார். ராக்கு வசமாக மாட்டிக்கொண்டாள். இலையை எடுக்கவும் முடியவில்லை. இலை தொங்குகிற வீட்டு ஆளை வயலில் இறக்கவும் யாரும் தயாராயில்லை. கடைசியில், வராத அம்மைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு முறைப்படி மகளுக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, இலையை இறக்கினாள்.

அன்று சாயங்காலமே சேதுலட்சுமியம்மாள் அந்த வீட்டுக்குள் போனார். "கைப்பிள்ளையையும் தூக்கிட்டு வரட்டும். பள்ளிக்கூடத்துலயே தூளி கட்டிருவோம்" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. ராக்கு சம்மதித்துவிட்டாள்.

விடிந்தால் இன்ஸ்பெக்டர். முத்தழகு மஞ்சள் அப்பிய முகமும் கொண்டையில் வேப்பங்கொத்துமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மை கண்ட பிள்ளையா?"

"மூணு தண்ணி ஊத்தியாச்சுங்க" என்றார் சேதுலட்சுமியம்மாள், நல்லதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"எல்லாப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புங்க. இந்தப் பெண்ணைக் கணக்கில சேர்க்க முடியாது." பேனாவைத் திறந்து பத்தொன்பது என்று எழுதப் போனார். எனக்கு உண்மை தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் பறிபோகப்போகிற வாத்தியார் சொன்னால் யார் நம்புவார்கள்?

வெளியே நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு ராக்கு முன்னால் வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மை வரலை சாமி. பிள்ளையை அனுப்ப மனசில்லாம நாந்தேன் பொய்யா வேப்பிலை கட்டுனேன்."

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் முத்தழகின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தழும்புகூட இல்லை. இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அவர் போன பிறகு ராக்கு பக்கத்தில் ஒருத்திகூட நிற்கவில்லை. அவள் நேரே சேதுலட்சுமியம்மாளிடம் வந்தாள்.

"ஆத்தா பேருல பொய் சொன்னவள்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நாளைக்கு எம்பிள்ளைக்கு நெசமாவே அம்மை கண்டா, எவ எட்டிப் பாப்பா? வாசல்ல யாரு வந்து நிப்பா?"

மத்தியான பஸ்ஸுக்குச் சேதுலட்சுமியம்மாள் பையைக் கட்டி வைத்திருந்தார். அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். நியாயம்தானே. ஒன்பது வருஷமாக அந்த ஊர்ச் சோற்றைத் தின்கிறவன் நான். ராக்கு வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் குனிந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"நான் நிப்பேன்" என்றார் அவர். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ரொம்ப அலுத்த குரல். சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பையிலிருந்து மாற்றுப் புடவையை எடுத்து உதறினார்.

ஐந்து வருஷம் அந்த ஊரிலேயே இருந்தார்.