தாலி கட்டும் பதினோரு விநாடிகள்

"பாப்பா, இந்தக் கேசட் ஓடுமா, சொல்லு."

தாமோதரன் அன்று முதலில் கேட்டது அதுதான். சித்தூரில் காலை பஸ் பிடித்து, திருப்பதியில் கௌசிகா வேலை பார்க்கும் எடிட்டிங் அறைக்கு நேராக வந்திருந்தார்.

"ஓட வெச்சாத்தான் தெரியும்ணா. எந்த வருஷத்துது?"

"ரெண்டாயிரத்து அஞ்சு. நகரியில ஸ்ரீதேவின்னு ஒரு பொண்ணு. தறிக்காரங்க வீடு. நான்தான் வீடியோ. இப்ப அவ புருஷன் அப்படி ஒரு கல்யாணமே நடக்கலைன்னு கோர்ட்ல சொல்லிக்கினு கீறான். வேற ஒருத்தியைக் கட்டிக்கினு போய்ட்டான்."

"பத்திரிகை, போட்டோ எதுவும் இல்லையா?"

"மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்து எல்லாம் ஊறிப் போச்சு. ஐயரும் உசுரோட இல்லை. சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மிச்சம் இதுதான்."

"டிஸ்க் குடுத்திருப்பீங்களே?"

"அதை அவ பொண்ணு சின்னதுல தட்டு மாதிரி சுத்திக்கினு வெளாடுச்சாம்." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "நேத்து கடைக்கு ரெண்டு பேர் வந்தாங்க பாப்பா. அவன் ஆளுங்க. சத்தம் போடலை. உக்காந்து டீ குடிச்சாங்க. 'தாலி கட்றது நல்லா தெரியுதாண்ணா'ன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"தெரியும்னேன். 'அதை மட்டும் நல்லா கிளியரா பண்ணிக் குடுங்க'ன்னுட்டு எழுந்து போய்ட்டாங்க. அடிப்பேன், ஒதைப்பேன்னிருந்தா கூட பர்வாலேது. கல்யாணமே இல்லைன்றவனுக்கு அது கிளியரா தெரிஞ்சா இன்னா லாபம்?"

கௌசிகா கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

தாமோதரன் சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் டின்களுக்கு மூடி அடிக்கும் வேலையில் இருந்தவர். கேமரா பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தது நண்பர் சலீம். சொந்தமாக ஒரு கேமரா வாங்கியதும் ஃபேக்டரியை விட்டுவிட்டார். அதன்பின் புத்தூர், நகரி, சித்தூர் என்று அவர் எடுக்காத கல்யாணம் இல்லை. கேமராவைப் பையில் வைத்து மூடும்வரை பந்தியில் உட்கார மாட்டார். தமிழ் படிப்பார், தெலுங்கு தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், எழுத மட்டும் வராது. ஆல்பம் ஒட்டுவது அவர் மனைவி ருக்மணி. செல்போன் கேமரா வந்து கூட்டம் குறைந்த பிறகும் கடையை மூடவில்லை. தன் பேரைச் சொன்னால் மூன்று தாலுகாவில் கதவு திறக்கும் என்பார். அது உண்மைதான்.

பழைய கேமராவில் ஒரு படம் ஒரே வீச்சில் பதிவாவதில்லை. ஒன்று விட்டு ஒன்றாகப் பாதி வரிகள் முதலில், மீதி வரிகள் அடுத்ததாக. பழைய டிவியில் இது தெரியாது. கம்ப்யூட்டரில் போட்டால் அசைகிற கை, விழுகிற அட்சதை எல்லாவற்றின் ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் நிற்கும். அதை நீக்க, எந்தப் பாதி முந்தையது என்று சாஃப்ட்வேருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அசைவு இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வரும்.

கேசட் ஓடியது. கௌசிகாவிடம் இரண்டு சாஃப்ட்வேர்கள் இருந்தன. ஒன்று இலவசமாகக் கிடைப்பது. கேசட்டில் இருப்பதை மட்டும் பிரித்துத் தரும். படம் சொரசொரப்பாகவே இருக்கும். இன்னொன்று முதலாளி பணம் கட்டி வாங்கியது. இல்லாததையும் தானே யூகித்து நிரப்பும். கோர்ட்டுக்குப் போகிற வீடியோ என்பதால் இரண்டிலும் முழுக் கல்யாணத்தையும் ஓட்டிப் பார்த்தாள்.

முதலாளியின் சாஃப்ட்வேரில் எல்லாம் பளிச்சென்று வந்தது. பின்வரிசையில் பல்லே இல்லாத ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தபோது வாய் நிறையப் பல் இருந்தது. கௌசிகா கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

இலவச சாஃப்ட்வேரில் பெரியவருக்குப் பல் இல்லை. கல்யாணம் முழுக்கச் சீராக ஓடியது, தாலி கட்டும் இடம் வரை. அங்கே பதினோரு விநாடிகள், முடிச்சுப் போடும் விரல்கள் முன்னும் பின்னுமாக நடுங்கின. பிறகு மறுபடி சீரானது. அந்தத் துண்டில் மட்டும் பாதிகளின் வரிசை மாறியிருந்தது. ஒரே கேமராவில் எடுத்ததில் அப்படி வராது.

மறுநாள் தாமோதரன் வந்து திரையைப் பார்த்தார். அந்தப் பதினோரு விநாடிகளை மறுபடி ஓட்டச் சொன்னார்.

"கெட்டி மேளம்னதும் எல்லாம் எழுந்து நின்னு மறைச்சிடும் பாப்பா. அந்த நேரத்துல தள்ளவா முடியும்? அதுக்குன்னே ஒரு கை ஷாட் வெச்சிருப்போம். மூஞ்சி இருக்காது. கையும் கழுத்தும்தான். மிக்ஸிங்ல சொருவிடுவோம். அதே ஷாட் நாப்பது கல்யாணத்துல இருக்கும். இதுலயும் போட்டது எனக்கே மறந்து போச்சு."

"மிக்ஸ் பண்ணாத ஒரிஜினல் கேசட்?"

"அதுமேலயே அடுத்த முகூர்த்தத்தை எடுத்துட்டோம். எல்லாரும் அப்படித்தான்."

அவள் முதலாளியின் சாஃப்ட்வேரில் வந்த வீடியோவைப் போட்டாள். அதில் நடுக்கம் துளியும் இல்லை. ஒட்டுப் போட்ட இடம் யாருக்கும் தெரியாது. ஐந்து விரலும் நேராக, நகக்கண் வரை தெளிவாக இருந்தன.

தாமோதரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நிறுத்து, நிறுத்து. மாப்பிள்ளைக்கு வலது கை சுண்டு விரல் கோணல் பாப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே தறியில மாட்டினது. புத்தூர்ல எலும்புக்குக் கட்டுப் போட்டு விட்டா, நாலே நாள்ல அவனே அவுத்துப் போட்டுட்டுத் தறிக்குப் போய்ட்டான்."

இருவரும் திரையையே பார்த்தார்கள். அந்த ஆட்கள் எதற்காகத் தெளிவாகக் கேட்டார்கள் என்று இப்போது புரிந்தது. டிஸ்க் ஓடிய காலத்தில், அது தன் கை இல்லை என்று அவன் கவனித்திருப்பான். கூண்டில் நின்று அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினால் போதும். இந்தத் துண்டு பொய் என்றால் கேசட் முழுவதும் பொய். அவன் முகம் தெரிய ஸ்ரீதேவிக்கு மெட்டி போட்டது, கைப்பிடித்து அக்னியைச் சுற்றி வந்தது, எல்லாம் அதோடு போகும். அம்மாவும் பெண்ணும் யாருக்கும் யாருமில்லை என்றாகிவிடும்.

"நீங்களே முந்திக்கினு சொன்னாத்தான் மிச்சத்தை நம்புவாங்க," என்றாள் கௌசிகா.

"சொன்னா, நாப்பது வீட்லயும் டிஸ்க்கைத் தேடி எடுத்துப் பாப்பாங்க."

அவள் இலவச சாஃப்ட்வேரில் எடுத்ததை, நடுக்கத்தோடு, ஸ்ரீதேவியின் வக்கீலுக்கான பென் டிரைவில் ஏற்றினாள். அளவு பெரிதானாலும் பரவாயில்லை என்று அதிகம் சுருக்காமலே ஏற்றினாள். மற்றதை அவர் கண் முன்னாலேயே அழித்தாள். அவர் தடுக்கவில்லை. பென் டிரைவோடு தாமோதரனின் வாக்குமூலமும் போக வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார், தெலுங்கில். பள்ளியில் இரண்டு மொழியும் படித்தவள் அவள். பேப்பரை இழுத்து எழுதத் தொடங்கினாள். ஊர், பெயர், தொழில், கேசட் எடுத்த தேதி, செருகிய இடம்.

"அந்தத் துண்டு எங்கிருந்து எடுத்ததுன்னும் எழுதணும்ணா. யார் கைன்னு கேப்பாங்க."

மேஜை மேலிருந்த அவர் செல்போன் அதிர்ந்தது. பெயரில்லாத நம்பர். அவர் எடுக்கவில்லை. அது நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"அவங்கதான்," என்றார். பிறகு சொன்னார். "சலீம் எடுத்தது அது. அவன் கேமரா வேற. எங்க கல்யாணம் பாப்பா. என் கை, ருக்மணி கழுத்து. நாப்பது பொண்ணுங்களுக்குத் தாலி கட்டினது என் கைதான்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

கௌசிகா பேனாவைத் தூக்கியபடியே இருந்தாள்.

"நான் செஞ்ச திருட்டுத்தனத்தை எல்லாம் எழுது. எவ்வளவு பெருசா வேணா எழுது, கையெழுத்துப் போடறேன்," என்றார். "யார் கைன்னு மட்டும் எழுதாதம்மா."