பொட்டு வைத்த பேட்டரி

பேட்டரியைச் சோதிப்பவன் பிழைப்பு, தூங்கும் பூனையின் மூச்சை எண்ணும் பிழைப்பு. படுத்திருப்பது பூனையா புலியா என்பது அது எழுந்த பிறகே தெரியும். தலையணைக்கு அடியில் செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரள்பவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் என் கட்சி.

மூக்கு

லித்தியம் பேட்டரி கசிந்தால் ஓர் இனிப்பு வாசனை வரும், அளவுக்கு மீறிக் கனிந்த பழம் போல. கோயில் ஊரில் இந்த அறிவோடு வாழ்வது தண்டனை. அர்ச்சனைத் தட்டோடு யார் கடையைக் கடந்தாலும் என் கை மணல் வாளிக்குப் போகும். ஒரு மதியம் அந்த வாசனை கடைக்குள்ளேயே வந்தது. வாடிக்கையாளரை வெளியே தள்ளிவிட்டு, மணல் வாளியைத் தூக்கி, வாசனை வந்த பைக்குள் கவிழ்த்தேன். பை என் கடையில் வேலை பார்க்கும் கலாவதியுடையது. எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "பலாச்சுளைமேல மண்ணக் கொட்டிட்டீங்களே சார், இப்ப நான் எதைத் துன்றது?"

பூரி

ஏழுமலை, கிரிவலப் பாதையில் மின்சார ஸ்கூட்டரில் சுண்டல் விற்பவர். வீடு அடி அண்ணாமலையில். அவர் கொண்டுவந்த பேட்டரியின் வயிறு உப்பியிருந்தது. இனி இதை சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கலாம் என்று, எரிதலின் வேதியியலையும் சேர்த்துக் கால் மணி நேரம் விளக்கினேன். வீட்டில் எங்கே வைத்து சார்ஜ் போடுகிறார் என்று கேட்டேன். "கட்டிலுக்குக் கீழதான் சார். மேல பாப்பா தூங்கும்" என்றார். புதியது வரும்வரை இது என்னிடமே இருக்கட்டும் என்று மணல் தொட்டியில் வைத்தேன். அவர் சிரித்தார்: "கொஞ்சம் உப்புனா என்னா சார், பூரிகூட உப்புனாத்தான நல்லாருக்கும்?"

பொட்டு

எங்கள் கடையில், சோதனையில் தேறிய பேட்டரிக்குக் குங்குமப் பொட்டு வைப்பது வழக்கம். சீட்டு ஒட்டினால் விழுந்துவிடும், பொட்டு நிற்கும். இந்த யோசனை என்னுடையது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஆயுத பூஜையன்று காலை, ஆசிரமப் பக்கம் ஒரு விடுதியின் இன்வெர்ட்டரைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பியபோது கடை முழுக்கப் பொட்டு. மேசைக்கு, மீட்டருக்கு, ஸ்க்ரூ டிரைவருக்கு, மணல் தொட்டிக்கு. தொட்டி காலி. கலாவதி விழித்தாள்: "பூஜைன்னா எல்லாத்துக்கும்தான சார் பொட்டு வெப்பாங்க? அந்த உப்புன பேட்டரிக்கும் வெச்சேன். பக்கத்துக் கடைக்காரரப் பாத்துக்கச் சொல்லிட்டு நான் தேங்கா வாங்கப் போன நேரத்துல ஏழுமலை வந்து, 'அப்பாடா, தேறிடுச்சு'ன்னு தூக்கினு போய்ட்டாராம்."

அடி அண்ணாமலை

ஏழுமலைக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. பைக்கை விரட்டினேன். வழியெல்லாம் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

பேட்டரி கட்டிலுக்கு அடியில் சார்ஜில் இருந்தது. முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மேலே பாப்பா தூங்கினாள். அறையில் பழ வாசனை. சுற்றிப் பார்த்தேன், பழம் எங்கும் இல்லை.

"பாப்பாவத் தூக்குங்கம்மா!" என்று கத்தினேன். ஏழுமலையின் மனைவி சாந்தி குழந்தையை வாரிக்கொண்டு ஓடினார். நான் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பேட்டரியை வாசலில் கிடந்த மண்வெட்டியில் ஏந்திப் போய் வெளியே வெறும் மண்ணில் எறிந்தேன். பத்தடி தள்ளி வருவதற்குள் அது சீறியது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு தீ.

ஏழுமலை உள்ளே போய்க் கற்பூரத்தை ஊதி அணைத்தார். சாந்தி, குழந்தையின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு கேட்டார்: "நல்லாருக்குன்னு பொட்டு வெச்சது உங்க கடையிலதான சார்?"

இப்போதெல்லாம் தேறிய பேட்டரியில் என் கையெழுத்து மட்டும்தான். பொட்டு என் நெற்றிக்கு, நானோ இன்னும் எந்தச் சோதனையிலும் தேறியபாடில்லை.