மாரிக்கண்ணுவிடம் தொடங்கியது

காரைக்கால்மேட்டில் மீன் விற்கும் மாரிக்கண்ணு மீனை வெட்டித் தருவதில்லை. முழுசாகத்தான் கொடுப்பாள். வீட்டில் அரிவாள்மணையே கிடையாது. மகன் சிவநாதனுக்குக் கீறல் விழுந்தால் ரத்தம் உறையாது.

கைக்குழந்தையாக இருந்தபோது குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்கள். அப்போதுதான் தெரிந்தது. ரத்தம் நிற்காததைப் பார்த்து, ஏதோ நேர்த்திக்கடன் பாக்கி என்று நினைத்தார்கள். மஞ்சளை அப்பி, மாவிளக்குப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பிள்ளை வெளுத்துப்போய்விட்டது. பிழைத்தான். ஆனால் இன்றும் முழங்காலில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டி வீங்கும்.

இந்த வருடம் மாரிக்கண்ணுவின் தங்கை ஓவியாவுக்குப் பட்டினச்சேரியில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சொர்ணாம்பாள் நேராகவே கேட்டாள்.

"அக்கா வயித்துல வந்தது தங்கச்சி வயித்துல வராதுன்னு யாரு சொல்லுவா?"

பரிசோதனை சொல்லும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மா, மகள்கள் இருவர், மூவரும் ரத்தம் கொடுத்தார்கள்.

முடிவு வந்ததும் டாக்டர் சுகிர்தா அக்காவையும் தங்கையையும் உட்காரவைத்துப் பேசினார். நம் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறையப் பாதி, தன்னைத்தானே படியெடுத்து இடம் மாறிய துண்டுகளின் மிச்சம். பெரும்பாலானவை இப்போது அசையாது. சில இன்னும் தாவும். அப்படி ஒன்று, மாரிக்கண்ணுவுக்கு ரத்தம் உறையவைக்கும் மரபணுவின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

"எங்கம்மாகிட்டேருந்து வந்ததா?" என்றாள் மாரிக்கண்ணு.

"அவங்ககிட்ட இல்லம்மா. ஓவியாகிட்டயும் இல்ல. நீங்க கருவானப்ப புதுசா நுழைஞ்சிருக்கு. உங்ககிட்டேருந்து பையனுக்குப் போயிருக்கு. உங்களுக்கு அந்த மரபணு இன்னொண்ணு நல்லதா இருக்கு, அவனுக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்."

"இந்தச் சனியனெல்லாம் எதுக்கு உடம்புல இருக்கு?"

"எல்லாமே கெடுதல் இல்ல. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இப்படி நுழைஞ்ச சிலதாலதான் நமக்கு நஞ்சுக்கொடி ஒழுங்கா உருவாகுது. அது இல்லாம நாம பிள்ளை சுமக்க முடியாது."

"நல்லாருக்கு நியாயம். சுமக்கவும் வைக்கும், சுமந்ததைக் கெடுக்கவும் செய்யும்."

சொர்ணாம்பாள் சம்மதித்தாள். ஆனால் நலங்கு வைக்கும்போது பெரியவள் பெண்ணைத் தொடக் கூடாது, பையனும் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

"டாக்டரே சொல்லிட்டாங்களே, அவகிட்டதான் ஆரம்பிச்சுதுன்னு."

"எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்க்கா" என்று அழுதாள் ஓவியா.

"வாயை மூடுடி. உன்கிட்ட இல்லைன்னு காட்டத்தானே நானும் ஊசிக்குக் கையை நீட்டுனேன்?"

நலங்கன்று அம்மா வீட்டில் மேளம் கேட்டது. "நீ போகலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"பையனுக்குக் கால் வீக்கம், அதான்" என்றாள் மாரிக்கண்ணு.

புதுச்சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு, வாசலில் நின்றிருந்தான் சிவநாதன். குனிந்து தன் முழங்காலைத் தடவிப் பார்த்தான்.

"வீங்கலையேம்மா."