பட்டியலில் பெயர் இல்லாதவர்

வாக்குப்பதிவு நாள், பிற்பகல் மூன்று மணி. ஆரணி பேருந்து நிலையத்தில் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். வந்தவாசியில் எனக்கு ஓட்டு இருக்கிறது. ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று போடாமலேயே கிளம்பிவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பெண் டீ குடிக்கிறார். பெங்களூரில் பட்டுத்தறி ஓட்டுகிறவர். ஓட்டுப் போடுவதற்கென்றே சொந்த ஊரான ஆரணிக்கு வந்திருக்கிறார்.

"அவ்ளோ தூரம் நின்னுகினே வந்தேங்க. லிஸ்ட்ல பேரே இல்லன்றாங்க."

"ஒரு ஓட்டுதானே, விடுங்க" என்கிறேன், ஆறுதலாக.

அவர் கோபப்படவில்லை. "யார் ஜெயிச்சாலும் நான் தறிதாங்க ஓட்டணும். ஆனா பேர் இல்லன்னதும், இந்த ஊர்ல நானே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. நீங்க போட்டுட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லீங்க. வந்தவாசில போடணும்."

"ஆறு மணி வரைக்கும் இருக்குதே! அதோ வந்தவாசி பஸ்ஸு. ஜல்தியா போங்க."

பெங்களூர் வண்டி உள்ளே நுழைகிறது. அவர் அதில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, என்னையே பார்க்கிறார். நான் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறேன். நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸின் படியில் தொற்றிக்கொண்டதும் கண்டக்டர் கை நீட்டுகிறார்.

"வந்தவாசி ஒண்ணு" என்கிறேன்.