அக்கா சோற்றை ஒதுக்கிய நாட்கள்

அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அறுவை முடிந்ததும், கீமோ முடிகிறவரை தங்கையான நான் அவளை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். நான் தறியில் நெய்துகொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் படுத்துச் செல்போன் பார்ப்பாள்.

ஒரு மதியம் தட்டைத் தள்ளினாள்.

"சோறு வேணாம். உள்ள போனா சக்கரையா மாறுதாம். அதத் தின்னுக்கினுதான் கட்டி வளருதாம். வீடியோவுல சொல்றாங்க."

காலையில் இட்லி, மதியமும் ராத்திரியும் சோறு, நடுவில் சர்க்கரை தூக்கலாக டீ. நாங்கள் இருவரும் வளர்ந்தது அப்படித்தான்.

"ஒரே பானைச் சோறுதான சாப்ட்டோம். எனக்கு மட்டும் ஏன் வந்திச்சு?" என்றாள்.

எனக்கும் வருமோ என்ற பயம் அப்போதுதான் பிடித்தது. குளிக்கும்போதெல்லாம் மார்பைத் தடவிப் பார்ப்பேன். விலா எலும்பு தட்டுப்பட்டாலும் கட்டியோ என்று மறுபடி மறுபடி அழுத்திப் பார்ப்பேன். நானும் சோற்றை விட்டேன். வெள்ளரிக்காயும் மோருமாக இருவரும் நாட்களை ஓட்டினோம்.

சில நாட்களில் அக்கா குளியலறை வாசலில் விழுந்தாள். கன்னத்தைத் தட்டியும் கண் திறக்கவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஆட்டோவில் என் மடியில் கிடந்த அந்த முடியில்லாத தலை கனமே இல்லாமல் இருந்தது.

குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் பேசினாள். டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"சோத்தாலதான் வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுமா. இனிப்பு, மைதா குறைங்க. எடை கூடாம பாத்துக்கங்க. ஆனா கீமோ நடக்கும்போது பட்டினி கிடந்தா உடம்பு தாங்காது." பிறகு என்னிடம் திரும்பினார். "கூடப் பொறந்தவங்களா? நீங்களும் ஒரு தடவ பரிசோதனை பண்ணிக்கங்க."

மேமோகிராம் என்கிற மார்புப் படம் எடுக்கப் போன அன்று அக்காவும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள்.

"பயமா இருக்குதா?"

"இருக்குது."

"எனக்கும்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கீரையும் பருப்பும் நிறையப் போட்டு, கொஞ்சமாகச் சோறு பிசைந்து கொடுத்தேன். முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நான் ஒரு வாய் சாப்பிட்டதும்தான் அவளும் சாப்பிட்டாள்.

சிகிச்சை முடிந்து அக்கா தன் ஊரான தாமலுக்கே போய்விட்டாள். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறாளாம். எனக்குப் படம் எடுக்கும் மாதம் நெருங்கினால் இன்றும் தூக்கம் வருவதில்லை. போன் போட்டால், "நானும் வர்றேன் இரு" என்கிறாள்.